விலை குறைந்த ஸ்மார்ட் பல்பும் விட்டுப்போகாத வைஃபையும்

நீங்கள் அனுப்பிய கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. வீடு முழுக்கப் பதினைந்து, இருபது ஸ்மார்ட் பல்பு போட வேண்டும், கையைக் கடிக்காத விலையில் எதை வாங்கலாம் என்பது ஒன்று. ஏற்கனவே மாட்டியிருக்கும் ஐந்து பல்பில் ஒன்றிரண்டு அடிக்கடி ஆப்பில் 'ஆஃப்லைன்' என்று நிற்கிறது, ரூட்டரை மாற்றிவிடலாமா என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஐந்து பல்பையே தாங்காத வைஃபையில் இன்னும் பதினைந்தைச் சேர்த்தால், எவ்வளவு நல்ல பல்பு வாங்கினாலும் அதுவும் ஆஃப்லைனில்தான் போய் நிற்கும்.

ரூட்டரை இப்போதே மாற்ற வேண்டாம். ரூட்டர் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் வேகத்தால் பல்புக்கு எந்த லாபமும் இல்லை. வீட்டு வைஃபை பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடும். விலை குறைந்த வைஃபை பல்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசத் தெரிந்த ஒரு சின்ன சிப். 2014-ல் வந்த ஈஎஸ்பி8266 போன்ற மலிவான சிப்புகளால்தான் பல்புக்குள் வைஃபை வைப்பதே கட்டுப்படியாகும் வேலையானது. 5 கிகாஹெர்ட்ஸ் அதற்குத் தெரியாது, தேவையும் இல்லை. எரி, அணை, பாதி வெளிச்சம் வை என்று சொல்ல மிகச் சிறிய தகவலே போதும். சுவரைத் தாண்டுவதிலும் 5-ஐ விட 2.4 பரவாயில்லை.

சிக்கல் அந்த 2.4-ல் இருக்கும் நெரிசல். அங்கே, அலைவரிசையின் துண்டுகளான சேனல்களின் எண்கள் 1, 2, 3 என்று வரிசையாகப் போனாலும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு வைஃபை நெட்வொர்க்குக்கோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் ஒன்றோடொன்று மோதாமல் வைக்க முடிவது 1, 6, 11 என்ற மூன்று சேனல்களைத்தான். பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத் ஹெட்ஃபோன், வயர்லெஸ் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே இந்த இடத்தில்தான் இயங்குகின்றன.

பல்பு நிறையப் போட்டால் இன்டர்நெட் மெதுவாகிவிடுமா என்று பலரும் கேட்கிறார்கள். டேட்டா அளவை வைத்துப் பார்த்தால் பயமே வேண்டாம். கவனிக்க வேண்டியது நேரத்தை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். சிக்னல் நன்றாக இருக்கும் பல்பு 50, 60 எம்பிபிஎஸ் வேகத்தில் சொல்ல வந்ததைச் சட்டென்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். மூலையில் சிக்னல் கிடைக்காமல் தவிக்கும் பல்பு 1 எம்பிபிஎஸ் வரை இறங்கிவிடும். அதே செய்தியைச் சொல்ல அதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும், பாதியில் கெட்டுப்போனால் திரும்பவும் சொல்லும். எட்டாத இடத்தில் இருக்கும் ஒரே ஒரு பல்பு மற்ற எல்லாருடைய நேரத்தையும் தின்பது இப்படித்தான். எத்தனை பல்பு என்ற கணக்கை விட, எத்தனை பல்பு மோசமான சிக்னலில் தொங்குகிறது என்ற கணக்கு முக்கியம்.

சரி, உங்கள் வீட்டில் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எதையும் மாற்றுவதற்கு முன் சில நாள் பாருங்கள். எப்போதும் அதே பல்புதான் விட்டுப்போகிறதா? அப்படியானால் அது சிக்னல் விவகாரம். எல்லாம் ஒரே நேரத்தில் போகிறதா? ரூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கும், அல்லது சேனலைத் தானாக மாற்றியிருக்கும், அல்லது இன்டர்நெட் லைனே போயிருக்கும். பின்னிரவில், கிட்டத்தட்ட அதே மணிக்கு நடக்கிறதா? ரூட்டரில் தானாகச் சேனல் தேடும் அமைப்போ, தினமும் ரீஸ்டார்ட் ஆகும் அமைப்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பில் ஆஃப்லைன் என்று காட்டும் பல்பு ரூட்டரின் பட்டியலில் இணைந்தபடியே இருந்தால் வைஃபை மேல் தவறில்லை. பல்புக் கம்பெனியின் சர்வரிலோ உங்கள் இன்டர்நெட் லைனிலோதான் தேட வேண்டும்.

அந்தப் பட்டியலைத் திறக்கத் தெரிந்திருப்பது பெரிய உதவி. ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்தால், இணைந்திருக்கும் கருவிகள் என்ற பகுதி இருக்கும். பல ரூட்டர்கள் ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் சிக்னல் அளவையும் காட்டும். அது எப்போதும் மைனஸ் எண்ணாக இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 60 என்றால் கவலையே இல்லை. மைனஸ் 70 வரை ஒப்பேற்றலாம். மைனஸ் 80 என்று இருந்தால் அந்தப் பல்பு இன்று இல்லாவிட்டால் நாளை விட்டுப்போகும். உங்கள் ரூட்டர் அளவைக் காட்டாவிட்டால், பல்பின் ஆப்பில் கருவி விவரம் என்ற இடத்தில் தேடுங்கள், சிலவற்றில் அங்கே இருக்கும்.

மைனஸ் 80 காட்டும் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே பால்வெள்ளைக் குமிழ், கீழே ஹோல்டரில் மாட்டும் பகுதி, நடுவில் சூட்டை வெளியேற்றும் உடல். வைஃபைக்கான ஆன்டெனா உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் ஓடும் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். இதை ஓர் உலோகக் குடுவை விளக்கில் ஆழமாகத் திருகி வைத்தால் குடுவையின் வாய்ப் பக்கம் மட்டும்தான் அலைக்கு வழி. அதே பல்பை உலோக மூடி இல்லாத ஹோல்டரில் மாட்டிவிட்டு, மறுபடியும் பட்டியலைத் திறந்து எண்ணைப் பாருங்கள். கணிசமாக முன்னேறியிருந்தால் குற்றவாளி விளக்கின் கூடு. கூட்டை மாற்றுங்கள், அல்லது அந்த இடத்துக்கு ஸ்மார்ட் பல்பு வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

அடுத்தது ரூட்டர் இருக்கும் இடம். லைன் எங்கே நுழைகிறதோ அந்த மூலையில், டிவிக்குப் பின்னால், தரையோடு தரையாக ரூட்டர் கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அதை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலைக்கு மேல் உயரத்துக்குக் கொண்டுவர ஒரு நீளமான கேபிள் போதும். இந்த வேலையில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறு எதுவும் இல்லை. பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, இரும்பு அலமாரி, கம்பி கட்டிய கான்கிரீட் எல்லாம் அலையைத் தடுக்கும். ரூட்டருக்குப் பக்கத்திலேயே யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் வைத்திருந்தால் தள்ளி வையுங்கள். அந்த இணைப்பிலிருந்து வரும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைப் பாதிக்கிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஒரு ஆவணம் வெளியிட்டிருக்கிறது.

அமைப்புகளில் நான் முதலில் கை வைப்பது சேனல். 'ஆட்டோ' என்று விட்டிருந்தால் ரூட்டர் நினைத்த நேரத்தில் சேனல் மாற்றும். போனும் லேப்டாப்பும் நொடியில் பின்தொடர்ந்துவிடும், மலிவான பல்பு சில நேரம் பழைய சேனலிலேயே திகைத்து நிற்கும். போனில் ஒரு வைஃபை ஆய்வு ஆப் போட்டு, 1, 6, 11-ல் எது காலியாக இருக்கிறது என்று பார்த்து, அதிலேயே நிலையாக வையுங்கள். 3, 4, 8 என்று இடைப்பட்டதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும். 2.4-க்கான அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், 40 வேண்டாம். வைஃபையின் பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்பதை எடுங்கள். அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய பல்புகள் உள்ளேயே வராது. இரண்டும் கலந்த அமைப்பிலும் சில பல்புகள் முரண்டு பிடிக்கின்றன. வைஃபை 6 ரூட்டர் என்றால், 2.4-க்கு மட்டும் பழைய முறையில், அதாவது பி/ஜி/என் என்று இயங்கவிட்டுப் பாருங்கள். பல்புகள் சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை விட்டுப்போனால், எல்லாக் கருவிகளும் பகிரும் ரகசியச் சாவியான குரூப் கீயைப் புதுப்பிக்கும் இடைவெளி 3600 நொடி என்று இருக்கிறதா என்று தேடி அதை நீட்டுங்கள். இதையெல்லாம் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி இரண்டு மூன்று நாள் விட்டால்தான் எது வேலை செய்தது என்று தெரியும்.

2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைக்கலாமா, தனித்தனிப் பெயரா என்ற விவாதம் முடிவே இல்லாமல் ஓடுகிறது. பல்பு மாட்டிய பிறகு இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் அதன் கண்ணுக்கு 5 தெரியவே தெரியாது. தகராறு வருவது முதல் முறை இணைக்கும்போது. போன் 5-ல் இருக்கும், பல்பு 2.4-ல் தேடும், சில ஆப்புகளுக்கு அந்த இரண்டையும் சேர்த்து வைக்கத் தெரியாது. அப்போது 5-ஐச் சிறிது நேரம் அணைத்துவிட்டு இணைத்தால் போதும். அணைக்கும் வசதி இல்லாத ரூட்டர் என்றால் 2.4-க்குத் தனிப் பெயர் வைப்பது நல்லது. ஆனால் விருந்தினருக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, பல்புக்கு ஒன்று என்று பெயர்களைப் பெருக்காதீர்கள். ஒவ்வொரு பெயரும் நொடிக்குச் சுமார் 10 முறை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று மெதுவான வேகத்தில் அறிவித்துக்கொண்டே இருக்கும். நெரிசலான இடத்தில் அந்த அறிவிப்புகளே நேரத்தைத் தின்னும்.

பெயரைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். பல்பு ரூட்டரை நினைவில் வைப்பதில்லை, நெட்வொர்க் பெயரையும் கடவுச்சொல்லையும்தான் நினைவில் வைக்கிறது. பின்னால் ரூட்டரை மாற்றினாலும், இன்டர்நெட் கம்பெனியையே மாற்றினாலும், புதுப் பெட்டியில் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டுவிடுங்கள், பாதுகாப்பு முறையையும் அதேபோல் வையுங்கள். இருபது பல்பும் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். இது தெரியாதவர்கள் ஏணி போட்டு ஒவ்வொரு பல்பையும் ரீசெட் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே பல வருடம் மாற்றாமல் இருக்கக்கூடிய பெயரையும் நீளமான கடவுச்சொல்லையும் முதல் நாளே யோசித்து வையுங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருப்பது நல்லது, சில பல்புகளின் ஆப் நட்சத்திரக் குறி, மேற்கோள் குறி போன்றவற்றில் தடுக்கி விழும்.

இவ்வளவும் செய்த பிறகும் பட்டியலில் கருவிகள் ஒன்றை ஒன்று வெளியே தள்ளுவது போலத் தெரிந்தால், அப்போதுதான் ரூட்டர் மேல் சந்தேகப்படலாம். இணைப்போடு வரும் பெட்டிகளில் ஒரே நேரத்தில் எத்தனை கருவி சேரலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. போன், டிவி, கேமரா, பல்பு எல்லாம் சேர்ந்து அதைத் தொட்டுவிட்டால் புதிதாக வருவதற்கு இடம் கிடைக்காது. ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி அமைப்பின் எல்லை சின்னதாக வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அதைப் பெரிதாக்கக் காசு எதுவும் ஆகாது. வரம்புதான் பிரச்சினை என்றால், அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாமல், அதிலிருந்து கேபிள் இழுத்து வைஃபை மட்டும் தரும் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட் ஒன்று நல்லதாக வையுங்கள், பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். சுவரில் செருகும் ரிப்பீட்டரைப் பரிந்துரைக்க மாட்டேன். அது கேட்ட ஒவ்வொன்றையும் அதே சேனலில் திரும்பச் சொல்கிறது, நெரிசல் இரட்டிப்பாகும்.

இப்போது பல்புக்கு வருவோம். பத்து வரைக்கும் என்றால் வைஃபை பல்பே போதும், தனியாக எந்தப் பெட்டியும் வேண்டாம், விலையும் குறைவு. நீங்கள் சொல்லும் பதினைந்து, இருபதுக்கு நான் ஸிக்பீ பக்கம் போகச் சொல்வேன், அது வைஃபை இல்லாமல் கருவிகள் தங்களுக்குள் பேசும் தனி வயர்லெஸ் முறை. அந்தப் பல்புகளை ரூட்டரோடு சேர்க்கும் ஹப் என்ற பெட்டி ஒன்று வாங்க வேண்டியிருக்கும். ஆனால் வைஃபை ரூட்டருக்கு அந்த இருபது பல்பும் ஒரே ஒரு கருவியாகத்தான் தெரியும், அந்த ஹப்பும் பெரும்பாலும் கேபிளிலேயே இணையும். ஸிக்பீயின் வேகம் 250 கேபிபிஎஸ்தான். பல்புக்கு அதுவே தாராளம். ஒவ்வொரு பல்பும் பக்கத்துப் பல்பின் செய்தியை வாங்கிக் கடத்தும் என்பதால், ஹப் எட்டாத மூலையும் எட்டிவிடும்.

ஆனால் ஸிக்பீயும் அதே 2.4-ல்தான் குடியிருக்கிறது. அதற்கு 11 முதல் 26 வரை 16 சேனல்கள், இந்த எண்களுக்கும் வைஃபை எண்களுக்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் வைஃபை 1-ல் இருந்தால் ஸிக்பீயை 25-ல் வையுங்கள், இரண்டும் எதிரெதிர் ஓரம். வைஃபை 11-ல் இருந்தால் ஸிக்பீக்கு 11 அல்லது 15. ஹப்பை ரூட்டரின் தலைமேல் வைக்காமல் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். பல்புகளைச் சேர்ப்பதற்கு முன்பே சேனலை முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றினால் சிலவற்றை மறுபடி இணைக்க வேண்டிவரும். இதற்காகவும்தான் வைஃபை சேனலை நிலையாக வைக்கச் சொன்னேன், வைஃபை அலைந்துகொண்டே இருந்தால் ஸிக்பீயை எங்கே வைப்பது?

கடைகளில் 'மேட்டர்' என்ற முத்திரையையும் பார்ப்பீர்கள். பழைய ஸிக்பீ கூட்டமைப்புதான் பெயர் மாற்றிக்கொண்டு 2022 அக்டோபரில் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. மேட்டர் என்பது கருவிகள் பேசும் பொது மொழி. அது ஓடும் வழி வைஃபையாக இருக்கலாம், த்ரெட் என்ற ஸிக்பீயின் உறவாகவும் இருக்கலாம். பெட்டியில் எது என்று பாருங்கள். த்ரெட் பல்புக்கு, அதை வீட்டு நெட்வொர்க்கோடு சேர்க்கும் பார்டர் ரூட்டர் வேண்டும், சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களிலும் ஹப்புகளிலும் அது உள்ளேயே இருக்கிறது. மேட்டர் வீட்டுக்குள் ஐபிவி6 என்ற புதுவகை இணைய முகவரிகளை நம்பி இயங்குவதால், ரூட்டரில் யாரோ சொன்னார்கள் என்று ஐபிவி6-ஐ அணைத்து வைத்திருந்தால் திறந்துவிடுங்கள். இன்னொன்று, இணைப்பதற்கான 11 இலக்க எண்ணும் க்யூஆர் படமும் பல்பின் உடம்பில் சின்னதாக அச்சாகியிருக்கும். ஹோல்டரில் திருகும் முன் போனில் ஒரு படம் எடுத்து, எந்த அறைப் பல்பு என்று பெயர் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த எண் தேவைப்படும்போது பல்பு கூரையில் இருக்கும்.

வாங்கும் முன் நான் எல்லாரிடமும் கேட்கச் சொல்லும் ஒரே கேள்வி, இன்டர்நெட் இல்லாவிட்டால் இந்தப் பல்பு சொன்னதைக் கேட்குமா என்பதுதான். பல மலிவான வைஃபை பல்புகளில் நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து கொடுக்கும் கட்டளை எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பித் தலைக்கு மேல் இருக்கும் பல்புக்கு வருகிறது. லைன் போனால் கட்டுப்பாடு போயிற்று. அந்தக் கம்பெனி கடையை மூடினால் அதோடு முடிந்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோயின, வாடிக்கையாளர்களின் ஆப்புகள் ஒரே இரவில் செயலிழந்தன. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு அந்த நிலை வரக்கூடாது.

சோதிப்பது எளிது. ஒரே ஒரு பல்பு வாங்குங்கள். இணைத்து முடித்த பிறகு, ரூட்டரை எரியவிட்டு, அதற்குள் வரும் இன்டர்நெட் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். போனில் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுங்கள். இப்போது ஆப்பில் அழுத்தினால் பல்பு எரிகிறதா? எரிந்தால் அது வீட்டுக்குள்ளேயே பேசுகிறது. ஸிக்பீ ஹப்புகளும் மேட்டர் பல்புகளும் பெரும்பாலும் இதில் தேறும். வைஃபை பல்புகளில் லைஃபெக்ஸ், விஸ் போன்றவை உள்வழிக் கட்டுப்பாட்டுக்கு இடம் கொடுக்கின்றன. தொழில்நுட்பத்தில் கொஞ்சம் ஆர்வம் இருந்தால் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய கணினியில் நிறுவி, வெவ்வேறு கம்பெனிப் பல்புகளையும் ஒரே இடத்திலிருந்து, வீட்டை விட்டு வெளியே போகாமல் நடத்தலாம்.

விலைப் பட்டியலைப் பார்க்கும்போது ஒரு விஷயம். கேள்விப்படாத பல பெயர்களில் வரும் வைஃபை பல்புகளுக்குள் ஒரே நிறுவனத்தின் தளம்தான் இருக்கிறது, டுயா என்று பெயர். 'ஸ்மார்ட் லைஃப்' ஆப்பில் வேலை செய்யும் என்று எழுதியிருந்தால் அதுதான். அவற்றுக்குள் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை, வெளிச்சத்தையும் உத்தரவாதக் காலத்தையும் பார்த்து எடுங்கள். அதே சமயம் தள்ளுபடி வரும்போதெல்லாம் வேறு வேறு தளத்தில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்காதீர்கள். போனில் ஐந்து ஆப்பு வைத்துக்கொண்டு எந்த அறைக்கு எது என்று வீட்டில் இருப்பவர்கள் தேடுவார்கள், ஒரு மாதத்தில் எல்லாரும் பழையபடி சுவர் சுவிட்சுக்கே திரும்பிவிடுவார்கள்.

வெளிச்சத்தை வாட்டில் பார்க்காமல் லூமெனில் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 800 லூமென். அறைக்கு அதற்குக் குறைந்து எடுத்தால் மங்கலாக இருக்கும். வண்ணப் பல்பு என்றால் வெள்ளைக்கென்று தனி எல்இடிகள் உள்ளே இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து மட்டும் வெள்ளை காட்டும் பல்பில் தோலின் நிறமும் சாப்பாட்டின் நிறமும் செத்துத் தெரியும். முழு வண்ணத்தில் எரியும்போது பெட்டியில் போட்ட லூமென் கிடைக்காது, அது வெள்ளைக்கான எண். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான சிஆர்ஐ 80 என்றால் சாதாரணம். படிக்கும், சமைக்கும் இடத்துக்கு 90 கிடைத்தால் கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது வாங்குவேன். என் அனுபவத்தில் வண்ணம் இரண்டு வாரத்தில் அலுத்துவிடுகிறது. மாலையில் 2700 கெல்வின் மஞ்சளுக்கும் காலையில் 5000-க்கு மேல் வெள்ளைக்கும் மாறும் பல்புதான் வருடக்கணக்கில் பயன்படுகிறது, விலையும் குறைவு.

எல்லா இடத்துக்கும் ஸ்மார்ட் பல்பு தேவையில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே சுவிட்சில் ஆறு பல்பு எரியும் விளக்குக்கு ஆறு ஸ்மார்ட் பல்பு வாங்குவது வீண், சுவிட்சுக்குப் பின்னால், போனிலிருந்து இயக்கக்கூடிய சின்ன சுவிட்சான ஸ்மார்ட் ரிலே ஒன்றை வைத்து சாதாரண எல்இடி போடுங்கள். அதற்குச் சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் வயர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். குளியலறைக்கும் சாமான் அறைக்கும் ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் சென்சார் விளக்கே போதும். டிம்மர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஸ்மார்ட் பல்பு மாட்டவே கூடாது, டிம்மர் வெட்டிக் கொடுக்கும் மின்சாரத்தில் உள்ளே இருக்கும் சர்க்யூட் சீக்கிரம் கெட்டுவிடும். காற்றுப் போகாத மூடிய கூண்டு விளக்கிலும் அப்படித்தான், சூடு ஏறி முதலில் சாவது கெப்பாசிட்டர்.

அணைந்திருக்கும்போதும் ஸ்மார்ட் பல்பு கட்டளைக்காகக் காத்துக்கொண்டு கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2021 செப்டம்பரிலிருந்து இதற்கு 0.5 வாட் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. சின்ன எண் போலத் தெரியும். இருபது பல்பு வருடம் முழுவதும் அந்த வரம்பில் காத்திருந்தால் சுமார் 88 யூனிட். ஒரு 9 வாட் எல்இடியை ஒரு வருடம் இரவும் பகலும் அணைக்காமல் எரியவிட்டால் ஆகும் செலவை விட அது அதிகம். அதனால் விவரத்தாளில் காத்திருப்பு மின்சாரம் 0.2, 0.3 என்று குறைவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் 'ஆஃப்லைன்' தொல்லைக்கு வைஃபையில் எந்தக் குறையும் இல்லாத ஒரு காரணமும் இருக்கலாம். வீட்டில் யாராவது வழக்கப்படி சுவர் சுவிட்சை அணைத்திருப்பார்கள். மின்சாரம் இல்லாத பல்பு எப்படி ஆன்லைனில் இருக்கும்? ஸிக்பீ என்றால் இது இன்னும் மோசம், அணைத்த பல்பு வழியாகப் பேசிக்கொண்டிருந்த பக்கத்து சென்சாரும் சேர்ந்து துண்டிக்கப்படும். சுவிட்சை ஒட்டுத்தாள் போட்டு மூடுவது நாலு நாளைக்குத்தான் நிற்கும். அதற்குப் பதில் பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பட்டன் ஒன்றைச் சுவிட்சின் மேலேயே, கை போகும் இடத்தில் பொருத்திவிடுங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் போனைத் தேடாமல் விளக்குப் போட முடிய வேண்டும், அது முடியாத வீட்டில் எந்த ஸ்மார்ட் விளக்கும் நிலைக்காது. கூடவே, மின்சாரம் போய் வரும்போது பல்பு என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பை 'கடைசியாக இருந்த நிலை' என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவில் கரண்ட் வந்தவுடன் வீடு முழுக்க முழு வெளிச்சத்தில் பளிச்சென்று எரியும். இந்த அமைப்பே இல்லாத பல்பை நான் படுக்கையறைக்கு வாங்க மாட்டேன்.

பாதுகாப்புக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். 2016-ல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்து, பெரிய இணையதளங்களையே முடக்கியது. அது உள்ளே நுழைந்தது கம்பெனி போட்டு அனுப்பிய கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால்தான். ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், பட்டனை அழுத்தி இணைக்கும் வசதியான டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள், பல்புக்கும் ரூட்டருக்கும் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பு வந்தால் போடுங்கள். பல்புகளை விருந்தினர் நெட்வொர்க்கில் தனியாக வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் அங்கே ஒரு கருவியை இன்னொன்று பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். சர்வர் வழியாக இயங்கும் பல்புக்கு அது இடைஞ்சல் இல்லை, வீட்டுக்குள்ளேயே பேசும் பல்பு அதில் ஊமையாகிவிடும்.

புதுப் பல்புகளை மொத்தமாக வாங்குவதற்கு முன், சோதனைக்கு வாங்கிய அந்த ஒன்றை வீட்டிலேயே சிக்னல் மோசமான ஹோல்டரில் இரண்டு வாரம் எரியவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முடிவு தெரிந்துவிடும். அப்புறம், பழைய வைஃபை பல்புகளைக் கழற்றினால் யாருக்காவது கொடுப்பதற்கோ குப்பையில் போடுவதற்கோ முன்னால் ஆப்பிலிருந்து நீக்கி, ரீசெட் செய்துவிடுங்கள். பெரும்பாலான பல்புகளுக்குச் சுவிட்சை மூன்று முதல் ஐந்து முறை வேகமாகப் போட்டு அணைத்தால் மினுக்க ஆரம்பிக்கும், அதுதான் அடையாளம். எல்இடி செத்து எரியாமல் போன பல்பிலும் சிப் உயிரோடு இருக்கலாம், உங்கள் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள் அப்படியே பதிந்திருக்கும்.